இறங்காதவர் யார்

கெயோன் துறையில் ஜூலை மழை
தகரக் கூரையை விடவே இல்லை.
அறைக்குள் விறகு அடுப்பு,
நனைந்த கம்பளித் தொப்பிகளின் வாடை,
யாஸ்னா பர்ரியாவின் மேசையில்
பாதி ஆறிய மாத்தே.

கொர்கோவாதோ வளைகுடாவில்
இயந்திர அறை புகைந்த கப்பல்
வெளியே நங்கூரத்தில் கிடந்தது.
ஏறியவர் இருநூற்றுப் பதினான்கு.
கரையில் பதிந்த சீட்டும் இருநூற்றுப் பதினான்கு.
"கணக்கு நேர்" என்றார் ஓயார்சோ.
"ஒருமுறை பெயர்வாரியாகப் பார்த்துச் சொல்.
வண்டித்தளத்தை மூடி வாயு நிரப்பச் சொல்கிறேன்."

அவள் கேட்டாள்,
கேள்வியின் வயிற்றில் இன்னொரு கேள்வி வைத்து:
அடைப்புக்குறிக்குள் போய்
இறங்கியவர் எண்களை அள்ளிக்கொள்;
வெளியே வந்து
அந்தக் கூட்டத்தில் இல்லாதவரைச் சொல்.

பூஜ்யம் வரிகள்.

ஓயார்சோ ரேடியோவை எடுத்தார்.
"பொறுங்கள்" என்றாள்.
அரை நொடியில் வரும் நிம்மதியை
அவள் நம்பிப் பழகியவள் இல்லை.

கப்பலையே தொடாத ஒருத்தியை,
யாஸ்னா பர்ரியா, எண் தொள்ளாயிரம் என்று
ஏறியவர் பட்டியலில் சேர்த்தாள்.
மறுபடி கேட்டாள்.

பூஜ்யம் வரிகள்.

ஏறாத நான் இறங்கியும் விட்டேனா?

சீட்டுகளைப் புரட்டினாள்.
ஒரு குழந்தையின் சீட்டு இரண்டு முறை பதிந்திருந்தது.
இன்னொன்று மழையில் ஊறி, எண் கரைந்து,
அந்தக் கட்டத்தில் நல்.

நம் எழுத்தில் எழுதினால்
நல்ல சொல் போலத்தான் இருக்கிறது.
அங்கே அதற்குப் பூஜ்யம் என்றும் பொருள் இல்லை,
ஆளில்லை என்றும் பொருள் இல்லை.
யாரோ. தெரியாது.

நூற்றுப் பதினெட்டு அந்தக் கூட்டத்தில் இல்லைதானே?
தெரிந்த முகங்களில் இல்லை.
ஆனால் அந்த நனைந்த ஆள் அவராகவும் இருக்கலாமே,
இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்
என்கிறது பொறி.
ஒரே ஒரு தெரியாது போதும்,
எத்தனை இல்லைகளையும் விழுங்க.

கேள்வியைப் பிரித்து வேறு மாதிரி கட்டினாள்.
கூட்டத்தை அள்ளாதே.
ஏறிய ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நில்;
இவர் எண்ணில் ஒரு சீட்டாவது உண்டா, பார்;
இல்லாவிட்டால் பெயரைச் சொல்.

"ஆள் ஆளுக்கு உள்ளே போய்த் திரும்பினால்
விடிந்துவிடும்" என்றான் நிக்கானோர்.
அவன் சொன்னதில் தப்பில்லை.
போன வருடம் சால்மன் பெட்டிகளுக்கு
இதே போல் எழுதி, நாலு லட்சம் வரிகளில்
இரவெல்லாம் இழுத்தடித்து
அவளே நிறுத்தினாள்.
இன்னொரு நாள் சமக்குறி போட்டு வைத்திருந்தாள்;
உள்ளிருந்து இரண்டு பதில்கள் வர,
வாசலில் ஒருவருக்குத்தான் இடம் என்று
பொறி முகத்தில் அடித்தது.

இங்கே இருநூற்றுச் சொச்சம் பேர்தான்.
நிக்கானோர் வாய் மூடுமுன்
மூன்று வரிகள்.

யாஸ்னா பர்ரியா.
யாரோ சிரித்தார்கள்.

இஸ்மேனியா மன்சியா, எண் அறுபத்தொன்று.
அடுப்போரம் காலுறை பிழிந்துகொண்டிருந்தவள்
"நான்தான்" என்று கை தூக்கினாள்.
"என் சீட்டுதான் நனைந்தது."

எலெயுத்தேரியோ சிகுவாய்,
எண் நூற்றுப் பதினெட்டு,
லாரி ஓட்டுநர்.

யாரும் கை தூக்கவில்லை.

"மூடாதே" என்று ஓயார்சோ
ரேடியோவில் மூன்று முறை கத்தினார்.

முக்கால் மணி கழித்துப் போர்வையில் சுற்றி
ஒருவனைக் கொண்டுவந்தார்கள்.
லாரிக்குள் கண்ணாடி ஏற்றிவிட்டுத்
தூங்கிப்போனானாம்.
இருமலுக்கு நடுவே அவன் கேட்ட முதல் கேள்வி
பனிக்கட்டி உருகிவிட்டதா என்பது.

நனைந்த சீட்டில்
அறுபத்தொன்று என்று அழுத்தி எழுதினாள்.
நூற்றுப் பதினெட்டைப் பதிந்தாள்.
மாத்தேயைக் கொட்டிவிட்டு
விளக்கை அணைத்துப் போனாள்.

தன் வரியை அழிக்க மறந்துபோய்
மறுநாள் பத்து மணி வரை
யாஸ்னா பர்ரியா மட்டும்
அந்தக் கப்பலிலிருந்து இறங்கவில்லை.